கடைசி விசிலின்போது தம்பி நின்ற இடம்

நவம்பர் பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மாலை மணி ஐந்து இருபத்தைந்து. ஜார்ஜ்டவுனை அடுத்த ஜெலுத்தோங்கில் மதியத்திலிருந்து விடாத மழை. கூடைப்பந்து ஆடுகளத்தின் தகரக் கூரை ஒன்பது இடங்களில் ஒழுகியது. இரண்டு ஒழுகல் ஆடுகளத்துக்குள், மீதி ஏழும் பார்க்க வந்தவர்கள் தலையில். மூத்தோர் கூடைப்பந்து இறுதியாட்டத்தின் கடைசி விசில் அந்த நேரத்தில், அந்த மழையில்தான் ஊதப்பட்டது.

அந்த விசில் ஊதியபோது தம்பி எங்கே நின்றார், எப்படி நின்றார் என்பது பற்றி நம் உறவினர்களிடையே இதுவரை நான்கு கதைகள் என் காதுக்கு வந்திருக்கின்றன. நான்கில் மூன்று தவறு. நான்காவது பாதி சரி. அதோடு, அந்த ஆட்டம்தான் நான்கு மாதம் கழித்துத் தம்பியைக் கொண்டுபோனது, தம்பி மனைவி சாந்தா அன்றைக்கே தடுத்திருக்க வேண்டும் என்று துக்க வீட்டிலேயே சிலர் பேசினார்கள். பெயர் சொல்லமாட்டேன். அவர்கள் வீட்டுக்கும் இந்த நினைவு மலர் போகிறது. நான் அன்று ஆட்டக்காரர்கள் உட்காரும் வாங்குப் பலகைக்குப் பக்கத்து நாற்காலியில், தம்பி நின்ற இடத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டடித் தூரத்தில் உட்கார்ந்திருந்தவன். ஆகவே எழுதுகிறேன்.

இந்த மலரைத் தொகுக்கும் தம்பி மகள் மாலதி, "பெரியப்பா, ஒரு பக்கம் போதும்" என்று சொல்லியிருந்தாள். ஒரு பக்கத்தில் அடங்காது. தம்பியை 'அவர்' என்று எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள். அறுபத்தெட்டு ஆண்டு 'வாடா, போடா' என்று அழைத்தவரை 'அவர்' என்று எழுதும்போது வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல் இருக்கிறது. இரண்டு பத்தியில் பழகிவிடும் என்கிறாள்.

தம்பி பாகான் டாலாமில் பிறந்தவர். அப்பாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. பிள்ளைகள் நால்வர், நான் மூத்தவன், தம்பி மூன்றாமவர். அப்பா இறந்தபோது எனக்குப் பத்தொன்பது, தம்பிக்குப் பதினைந்து. நான் பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத் தேர்வுக்கு உட்கார இன்னும் ஏழு மாதம் இருந்தது. அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் தம்பி பள்ளிக்கூடச் சட்டையை மடித்துவைத்துவிட்டு ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுனுக்குப் போய், ஒரு காப்பிக் கடையில் கோப்பை கழுவும் வேலையில் சேர்ந்துவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. போக வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. நான் படித்து, குடிநீர்த் துறையில் மீட்டர் கணக்குப் பிரிவுக்குப் போனேன். அவர் காப்பிக் கடையிலிருந்து லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனிக்குப் போனார். என் தங்கைகள் இருவர் திருமணத்திலும், அம்மாவின் மருத்துவச் செலவிலும், என் வீட்டு முன்பணத்திலும்கூட, தம் பங்கைக் கட்டிவிட்டுத்தான் தம்பி உட்கார்ந்து சாப்பிட்டார். இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது.

லிஃப்ட் வேலையில் அவரிடம் ஒரு தனிப் பழக்கம் உண்டு. யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால், கருவிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். என்ன சமைத்தீர்கள், எத்தனை பேரப்பிள்ளைகள் என்று ஹொக்கியன் சீன மொழியிலேயே கேட்பார். உள்ளே இருப்பவர்கள் கதவு திறந்த பிறகும் வெளியே வர மனமில்லாமல் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று கூட வேலை செய்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

முப்பதாவது வயதில் ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியில் வேலை முடித்துவிட்டுக் கீழே வந்தார். கீழே கூடைப்பந்து ஆடுகளம். சீனப் பையன்கள் ஒன்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு அணிக்கு ஒருவர் குறைவு. தம்பி ஆறடி உயரம். உயரத்தைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டார்கள். அரைமணி நேரத்தில் உயரத்துக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று கண்டுகொண்டார்கள். ஆனால் அதற்குள் அவரைப் பிடித்துப்போய்விட்டது. அன்றிலிருந்து முப்பத்தெட்டு ஆண்டு அந்த அணியில் அவர் இருந்தார். அணியில் ஒரே தமிழர். அவர்களும் அவரைத் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டார்கள். எல்லோரையும்விட அவர்தான் மூத்தவர் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

தம்பி துணை ஆட்டக்காரர். இந்தச் சொல்லைக் குறைவாக யாரும் நினைக்கக் கூடாது என்பதால் விளக்கிவிடுகிறேன். பயிற்சியில் எதிரணியின் பெரிய ஆட்டக்காரர் யாரோ அவராகத் தம்பி ஆடுவார். அடுத்த வாரம் ஆடப்போகிற எதிரணிக்காரர் இடது கையால் போடுகிறவர் என்றால் தம்பி அந்த வாரம் முழுதும் இடது கையால் சாப்பிடாத குறை. ஆட்டத்தில், முன்னணி ஆட்டக்காரர் களைத்தால் இரண்டு நிமிடம் உள்ளே போவார். எதிரணி நெட்டையரை இழுத்துப் பிடித்து, ஃபவுல் வாங்கிக்கொண்டு, கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வருவார். மற்ற நேரமெல்லாம் வாங்கில் இருப்பார். யாருக்கு எந்த முழங்காலில் வலி என்று அவருக்குத் தெரியும்.

அந்த அணியில் ஒரு வழக்கம். கோப்பை வென்ற அன்று இரவு சாப்பாட்டுச் செலவு, கடைசி விசில் ஊதும்போது ஆடுகளத்துக்குள் நிற்கிற ஐந்து பேருடையது. பில்லை ஐந்தாகப் பிரித்துக் கட்டுவார்கள். வாங்கில் இருந்தவர்கள் விருந்தாளிகள். அவர்கள் காசைத் தொடக் கூடாது. கட்டுகிறவனுக்குத்தான் பெருமை. தம்பி காலத்தில் அணி ஏழு கோப்பை வென்றது. ஏழு விருந்திலும் தம்பி விருந்தாளி. ஏழாவது விருந்தில் கைகழுவப் போவதுபோல் போய்க் கல்லாவில் காசைக் கொடுத்துவிட்டார். அணித்தலைவர் ஆ கியோங் பின்னாலேயே போய், அந்தக் காசை வாங்கிக் கொண்டுவந்து தம்பியின் சட்டைப் பையில் திரும்ப வைத்தார்.

"நீ உள்ள இல்ல லா தம்பி. சாப்பிடு."

தம்பி சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் சொன்னார்: "அண்ணே, ஓசிச் சோறு ஏழாயிருச்சு. ஒரு தடவை நான் கட்டணும். அதுக்கப்புறம் எத்தனை தடவை வாங்குல உக்கார வெச்சாலும் பரவால்ல."

அறுபத்தாறாவது வயதில் நெஞ்சு வலி வந்து இரத்தக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். கூடைப்பந்து அதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம். சாந்தா பந்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

இரண்டு ஆண்டு கழித்து ஆ கியோங் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன். மலாயும் ஹொக்கியனும் கலந்து அவர் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"தம்பி, இந்த வருஷம் மூத்தோர் போட்டியில புது ரூல். உள்ள நிக்கிற அஞ்சு பேர் வயசைக் கூட்டினா இருநூத்து எண்பது வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் ஆட விடமாட்டாங்க. எங்ககிட்ட நல்லா ஆடுறவனெல்லாம் சின்னப் பையனா இருக்கான். ஆ செங்குக்கு இப்பத்தான் அம்பது."

"அதுக்கு நான் என்ன செய்யறது?"

"உன் வயசு வேணும்."

அடுக்களையிலிருந்து சாந்தாவின் குரல் வந்தது. "வயசைத் தாராளமா எடுத்துட்டுப் போங்க. ஆளை இங்கேயே விட்டுட்டுப் போங்க."

நான் அங்கேயே கூட்டிப் பார்த்தேன். முக்கிய ஆட்டக்காரர் நால்வருக்கு ஐம்பது, ஐம்பத்தொன்று, ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு. மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. தேவைப்படுவது அறுபத்தெட்டு. தம்பிக்கு அந்த மாதம்தான் அறுபத்தெட்டு நிறைந்திருந்தது. தம்பிக்கு அடுத்த மூத்தவருக்கு அறுபத்து மூன்றுதான். அவரை வைத்துக் கூட்டினால் ஐந்து குறையும். ஆ செங் வெளியே உட்கார வேண்டும். ஆ செங் இல்லாமல் அந்த அணி யாரையும் வெல்லாது.

"ஓட வேண்டாம், பந்தைத் தொட வேண்டாம். ஒரு மூலையில நின்னா போதும்" என்றார் ஆ கியோங்.

தம்பி ஒன்றே ஒன்று கேட்டார். "கடைசி விசில் வரைக்கும் உள்ள நிப்பேனா?"

"நீ வெளிய வந்தா ஆ செங்கும் வெளிய வரணும் லா. எப்படி உன்னை எடுப்பேன்?"

"அப்ப சாப்பாட்டுல ஒரு பங்கு என்னோடது."

சாந்தா கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். "பங்கு கட்டறதுக்கா உசிரைக் குடுக்கப் போறீங்க?"

"காசைத்தான் குடுக்கப் போறேன்."

மருத்துவரைக் கேட்டோம். நிற்கலாம், மெதுவாக நடக்கலாம், நாடித்துடிப்பு நூற்று முப்பதைத் தாண்டினால் உட்கார்ந்துவிட வேண்டும் என்றார். சாந்தா என்னைக் காட்டி அதை அப்படியே சட்டமாக்கினாள். "ஒவ்வொரு இடைவேளையிலும் மாமாதான் நாடி பிடிச்சு எண்ணணும். அவரு ஒண்ணைக் கூட்டவும் மாட்டாரு, குறைக்கவும் மாட்டாரு." என் எழுபத்திரண்டு ஆண்டு வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த நற்சான்றுகளில் இதுவே சுருக்கமானது.

அப்படியே மூன்று ஆட்டம் நடந்தது. தம்பி வலது மூலையில் விளக்குக் கம்பம்போல் நின்றார். ஆ செங் புள்ளிகளைக் குவித்தார். நாடி ஒரு தடவையும் நூற்றுப் பதினெட்டைத் தாண்டவில்லை. அணி இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டது.

இறுதியாட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை, என் பேத்திக்கு நிச்சயதார்த்தம். கெலுகோரில் மாப்பிள்ளை வீட்டாரின் கொண்டோமினிய அடுக்குமாடியில் நடந்தது. படம் பிடிப்பார்கள் என்று வெள்ளிக்கிழமையே சாந்தா தம்பியை உட்காரவைத்து முடிக்கும் மீசைக்கும் சாயம் போட்டுவிட்டாள். டப்பாவில் 'இயற்கைக் கறுப்பு' என்று அச்சிட்டிருந்தது. இயற்கையில் அப்படி ஒரு கறுப்பை நான் பார்த்ததில்லை. பத்து வயது குறைந்துவிட்டது என்று நிச்சயத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். மறுநாள் இறுதியாட்டத்தில் எதிரணி மேலாளரும் அதையேதான் சொன்னார். பாராட்டாகச் சொல்லவில்லை.

"போன வாரம் இவங்க கூட நின்னது வெள்ளை முடிக் கிழவர். இது வேற ஆள். அம்பத்தெட்டுக்கு மேல ஒரு நாள் இருக்காது. ஐசி காட்டச் சொல்லுங்க."

நடுவர் மேசையில் இருந்த இளைஞர் அடையாள அட்டையைக் கேட்டார். தம்பி பையைத் துழாவினார். சாந்தா தன் கைப்பையைக் கவிழ்த்தாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கொண்டோமினியத்தில் காவலாளியிடம் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வருகையாளர் வில்லையை வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனோம். திரும்பும்போது சாந்தாவின் மடியில் மூன்று தட்டு லட்டோடு தம்பி வில்லையைத் திருப்பிக் கொடுக்க மறந்து காடியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். வில்லை தம்பியின் சட்டைப் பையில் இருந்தது. அட்டை கெலுகோரில் இருந்தது.

நான் மேசைக்குப் போனேன். "நான் இவனோட கூடப் பிறந்த அண்ணன். இதோ என் ஐசி. எனக்கு எழுபத்திரண்டு. இவன் எனக்கு நாலு வயசு இளையவன்."

இளைஞர் என் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "அங்கிள், இதுல உங்களுக்கு எழுபத்திரண்டுன்னு இருக்கு. உங்க தம்பிய பத்தி ஒண்ணும் இல்லியே."

"நாலு கழிக்க வேண்டியதுதானே?"

"எதுல இருந்து கழிக்கிறது?"

என் மகன் மழையில் காடியை எடுத்துக்கொண்டு கெலுகோருக்குப் பறந்தான். சாலையெல்லாம் வெள்ளம். ஆட்டம் தொடங்கிவிட்டது. தம்பி இல்லாததால் ஆ செங்கும் வாங்குக்கு வந்தார். அணியின் மிகப் பெரிய ஆட்டக்காரரும் மிகச் சிறிய ஆட்டக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே துண்டைப் போர்த்திக்கொண்டார்கள்.

"உன் மீசையால நான் உக்காந்திருக்கேன்" என்றார் ஆ செங்.

"என் சம்சாரத்துக்கிட்ட சொல்லு."

ஆ செங் சாந்தாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

சாந்தாவுக்கு உள்ளூர நிம்மதி என்பதை நான் கவனித்தேன். "நல்லதாப் போச்சு மாமா, முடிஞ்சதும் சூடா ஏதாவது குடிச்சிட்டு வீட்டுக்குப் போயிரலாம்" என்றாள். ஆனால் தம்பி காலணியின் கயிற்றை அவிழ்க்கவில்லை. மூன்றாம் கால்பகுதி முடிவில் நம் அணி ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்தது. அப்போது என் மகன் தொப்பலாக நனைந்து, அட்டையை ஒரு நெகிழிப் பையில் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

இளைஞர் அட்டையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். அட்டையில் இருந்த படம் பல ஆண்டுக்கு முந்தியது. கறுப்பு முடி, கறுப்பு மீசை. அன்று ஆடுகளத்தில் இருந்த அத்தனை பேரிலும் தன் அடையாள அட்டையை அச்சாக ஒத்திருந்தவர் தம்பி ஒருவர்தான். எதிரணி மேலாளர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, சாயம் எந்தக் கடையில் வாங்கினது என்று மட்டும் கேட்டார்.

கடைசிக் கால்பகுதி எட்டு நிமிடம். தம்பி மூலைக்குப் போய் நின்றார். ஆ செங் இத்தனை நேரம் உட்கார்ந்திருந்த கோபத்தையெல்லாம் பந்தில் காட்டினார். முதல் இடைவேளையில் தம்பியின் நாடி நூற்றுப் பன்னிரண்டு. நம் அணி நான்கு புள்ளி பின்னால். இரண்டாம் இடைவேளை வந்தபோது, ஆட்டம் முடிய நாற்பத்து மூன்று விநாடி. நம் அணி ஐம்பத்தெட்டு, எதிரணி ஐம்பத்தேழு.

தம்பி என் முன்னால் வந்து மணிக்கட்டை நீட்டினார். கை நனைந்திருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்து அரை நிமிடம் எண்ணினேன். அறுபத்தெட்டு வந்தது. இரண்டால் பெருக்க வேண்டும். பெருக்காமல் இருந்தால் நல்லது என்று அன்றுதான் முதல்முறையாக எனக்குத் தோன்றியது.

"நூத்து முப்பத்தாறு" என்றேன்.

ஆ கியோங் வேறு ஆட்டக்காரரைக் கையைக் காட்டி எழுப்பத் தொடங்கினார். வாக்கு வாக்குதானே. தம்பி சாந்தாவைப் பார்த்தார். கெஞ்சவில்லை. வாங்கில் உட்காருவதற்கு முப்பத்தெட்டு ஆண்டாக அவருக்கு நல்ல பழக்கம். துண்டை எடுத்துக் கழுத்தில்கூடப் போட்டுவிட்டார்.

சாந்தா என்னைக் கேட்டாள். "மாமா, இன்னும் எவ்வளவு நேரம்?"

"நாப்பத்து மூணு விநாடி."

"நெஞ்சு வலிக்குதா?" இது தம்பியிடம்.

"இல்ல."

"மூச்சு?"

"வாங்குது. மழை சத்தத்துல உனக்குக் கேக்காது."

"சிரிக்காதீங்க. நடக்காம நிப்பீங்களா?"

"நிப்பேன்."

"கையத் தூக்காம?"

"தூக்கல."

"பந்து பக்கத்துல வந்தாலும் குனியக் கூடாது. ஒரு அடி நகர்ந்தீங்கன்னாலும் நானே வந்து இழுத்துட்டுப் போயிருவேன்."

தம்பி துண்டை அவளிடமே கொடுத்துவிட்டு உள்ளே போனார். நம் கூடைக்குச் சற்று முன்னால், இரண்டு கையையும் நெஞ்சின்மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டு நின்றார். கோயிலில் சாமி வரக் காத்திருக்கிறவர்போல் இருந்தது.

நம் அணி போட்ட பந்து கூடை விளிம்பில் பட்டு வெளியே போனது. எதிரணியின் வேகமான ஆட்டக்காரர், ஐம்பத்திரண்டு வயது, பந்தை எடுத்துக்கொண்டு நம் கூடையை நோக்கி ஓடிவந்தார். ஆ கியோங்கைத் தாண்டினார், ஆ செங்கைத் தாண்டினார். நம் ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஏதோ ஒரு பக்கம் பாய்ந்தார்கள். பாயாதவர் தம்பி ஒருவர்தான். அவருக்கு அனுமதி இல்லை. ஓடிவந்தவர், எதிரே நிற்பவர் எப்படியும் விலகிவிடுவார் என்று நம்பித் துள்ளினார். தம்பி விலகவில்லை. பந்து கூடைக்குள் விழுந்தது. இருவரும் தரையில் விழுந்தார்கள். விசில்.

எதிரணியினர் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். நடுவர் ஒரு கையைத் தலைக்குப் பின்னால் வைத்து, மற்றக் கையால் எதிர்த்திசையைக் காட்டினார். அசையாமல் நிற்கிறவர்மேல் ஓடிவந்து மோதினால் குற்றம் மோதியவருடையது. கூடை செல்லாது. பந்து நமக்கு. மீதி நான்கு விநாடி.

தம்பி மட்டும் எழுந்திருக்கவில்லை. மல்லாந்து கிடந்தார்.

சாந்தா ஓடினாள். எனக்கு முழங்கால் வலி. ஆயினும் எழுந்து கத்தினேன். போட்டி விதிப் புத்தகம் முழுவதையும் படித்தவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். விழுந்தவருக்கு வெளியாள் யாராவது உள்ளே வந்து உதவினால், அவர் ஆட்டத்திலிருந்து மாற்றப்பட்டாக வேண்டும்.

"சாந்தா, கோட்டைத் தாண்டாதே. நீ உள்ள காலை வெச்சா அவன் வெளிய வந்தாகணும்."

அவள் நின்றுவிட்டாள். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, கால்விரல் நுனி கோட்டைத் தொடாமல். நான் பார்த்தேன். கையில் தம்பியின் துண்டு. அவள் ஒரு காலைத் தூக்கியிருந்தால் யாரும் குறைசொல்லியிருக்க முடியாது. எனக்கும் அந்த நேரம் விதியும் கோப்பையும் பெரிதாகத் தெரியவில்லை. தாண்டட்டும் என்றுதான் அடுத்த நொடி நினைத்தேன். அதைச் சொல்லுமுன் அவளே கூப்பிட்டாள்.

"ஏங்க" என்றாள். "நெஞ்சா?"

தம்பி கூரையைப் பார்த்தபடியே சொன்னார். "நெஞ்சு இல்ல. பின்பக்கம்."

"நெசமா சொல்லுங்க."

"நெசமாத்தான். உக்கார்ற இடம். நீ அங்கேயே நில்லு."

"நின்னுட்டுத்தான் இருக்கேன்."

"உள்ள வந்துராத."

"நீங்க எழுந்திருச்சா நான் எதுக்கு வரேன்?"

தம்பி ஒரு பக்கமாகப் புரண்டார். மண்டியிட்டார். கூடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். ஆ செங் கையை நீட்டப் போனார். தம்பி தலையை ஆட்டிவிட்டார். சாயம் மழைத் தண்ணீரோடு கரைந்து நெற்றியில் இரண்டு கோடாக இறங்கியிருந்தது. நடுவர் பக்கத்தில் போய், ஆட முடியுமா என்று கேட்டார். "நிக்க முடியும்" என்றார் தம்பி.

நம்மவர்கள் பந்தைக் கோட்டுக்கு வெளியிலிருந்து உள்ளே எறிந்து நான்கு விநாடி பிடித்துக்கொண்டார்கள். கடைசி விசில் ஊதியது. தம்பி அந்தக் கூடைக் கம்பத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஆ கியோங் மற்றவர்களைக் கட்டிப்பிடிக்கும் முன் ஆடுகளத்தில் நிற்பவர்களை விரலால் சுட்டி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதாக விரல் தம்பிமேல் நின்றது. அப்போதுதான் சாந்தா கோட்டைத் தாண்டினாள்.

உறவினர்களே, நடந்தது இதுதான். தம்பி ஆடுகளத்தில் மயங்கி விழவில்லை. அவரை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. வெற்றிப் புள்ளியை அவர் போடவும் இல்லை. அந்தக் கதையைப் பரப்பியவன் என் சொந்த மகன்தான், அவனையும் கண்டித்துவிட்டேன். மோதி விழுந்தார் என்ற நான்காவது கதை பாதி சரி, எழுந்து நின்றார் என்பது மீதிப் பாதி. பத்து நிமிடம் கழித்து நாடி தொண்ணூற்றாறு. மறுநாள் மருத்துவர் நெஞ்சைச் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். பின்பக்கக் கன்றலுக்குத் தைலம் வீட்டிலேயே இருந்தது.

நான்கு மாதம் கழித்து, மார்ச் மாதத்தில் தம்பிக்குக் காய்ச்சல் வந்து நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. பொது மருத்துவமனையில் ஒன்பது நாள் இருந்தார். பத்தாம் நாள் விடியற்காலை, சாந்தாவும் மாலதியும் பக்கத்தில் இருக்க, அமைதியாகப் பிரிந்தார். இதயம் கடைசிவரை குறையில்லாமல் வேலை செய்தது என்று மருத்துவரே சாந்தாவிடம் சொன்னார். நான் கேட்டு, திரும்பவும் ஒரு தடவை சொல்லச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டேன். ஆகவே, ஆட்டம் கொண்டுபோனது, சாந்தா தடுக்கவில்லை என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடும்படி பெரியவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன். தடுக்க வேண்டிய இடத்தில் தடுத்தவளும், நிற்க வேண்டிய இடத்தில் நின்றவளும் அவள்தான்.

மருத்துவமனையில் தம்பியை அன்போடு கவனித்த தாதியருக்கு எங்கள் நன்றி. ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் பார்க்கலாம் என்ற விதியை அணி நண்பர்கள் ஐவர் ஐவராக வந்து மீறியதைப் பொறுத்துக்கொண்ட வார்டு காவலாளிக்கும் நன்றி. தம்பியைப் பத்து லஞ்சாங் என்னும் இடத்துச் சுடலைக்கு எடுத்துச் சென்றபோது, தோள் கொடுப்பவர்கள் உயரம் ஒத்திருக்க வேண்டும் என்று ஆ கியோங் வாசலிலேயே ஆளை மாற்றி மாற்றி நிறுத்தினார். அந்த அவசரத்தில் என்னையும் ஒரு கணம் வரிசையில் நிறுத்தி, முழங்காலைப் பார்த்துவிட்டு வெளியே எடுத்தார். அதற்கும் நன்றி. துக்கத்தில் பங்கெடுத்து வந்தவர்கள், சமையலைப் பார்த்துக்கொண்ட பாகான் டாலாம் உறவினர்கள், தொலைவிலிருந்து ஃபோனில் அழுதவர்கள் எல்லோருக்கும் குடும்பத்தாரின் வணக்கம்.

ஆயினும் இன்னும் சிலர் என்னைத் தனியே அழைத்து, அந்த விசில் வரை நின்றதற்குத் தம்பி கொடுத்த விலை என்ன என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியும். அன்று இரவு கடலோரச் சாப்பாட்டுக் கடையில் குடும்பத்தாரையும் சேர்த்துப் பதினேழு பேர் சாப்பிட்டோம். தம்பி தலையணை ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தார். பில் எழுநூற்று முப்பத்தொரு வெள்ளி. ஐந்தாகப் பிரித்துத் தரச்சொல்லி என்னிடம் நீட்டினார்கள். நான் இரண்டு தடவை வகுத்துப் பார்த்தேன். தம்பி பணப்பையைத் திறந்து, தாள்களை மேசையில் ஒவ்வொன்றாக நீவி வைத்து, மீதியைச் சில்லறையில் எண்ணினார். ஆ கியோங் எண்ணி எடுத்துக்கொண்டார்.

நூற்று நாற்பத்தாறு வெள்ளி இருபது சென்.